இரண்டு நிமிஷமும் ஒரு பழந்துணியும்

கல்யாணத்துக்கென்று புறப்பட்ட கார், கல்யாண மண்டபத்துக்குப் போகாமல் ஒர்க் ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா? கட்டுக்கதை அல்ல, எங்கள் குடும்பத்திலேயே நடந்தது.

என் அண்ணாவும் அண்ணியும் இரண்டு குழந்தைகளுடன் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு விடியற்காலையில் கிளம்பினார்கள். கூடையில் புளியோதரை, தயிர் சாதம், பிளாஸ்க் நிறையக் காப்பி. டயர்களுக்குக் காற்று அடித்தாயிற்று. டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டாயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் கூட வைத்து நசுக்கியாயிற்று. ஒரு காருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

திண்டிவனம் தாண்டிச் சற்று தூரம் போனதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிதான் முதலில் பார்த்தார்.

"இதோ பாருங்களேன், சிவப்பாக ஏதோ எரிகிறதே! கெண்டி மாதிரி ஒரு படம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வேறு!"

"அதுவா? எண்ணெய் கொஞ்சம் குறைந்திருக்கும். விழுப்புரம் அரை மணி தூரந்தானே? அங்கே போய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்றார் அண்ணா.

அந்த அரை மணியைக் கார் கொடுக்கவில்லை. சில நிமிஷங்களுக்கெல்லாம் 'டக், டக்' என்று உள்ளே யாரோ சுத்தியால் தட்டுவது போல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குலுக்கல். அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசைய மறுத்தது.

இழுத்துக் கொண்டு போன இடத்தில் மெக்கானிக் ஒரு மெல்லிய கம்பியை உருவித் துடைத்தார். திரும்பச் செருகி எடுத்துக் காட்டினார். நுனியில் பிசுக்குக் கூட இல்லை. "இதைக் கடைசியா எப்போம்மா பார்த்தீங்க?" என்று கேட்டார். அண்ணியும் அண்ணாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். 'வருஷம் முழுவதும் ஐயாயிரம் கிலோ மீட்டர் கூட ஓடவில்லையே' என்று சர்வீஸையும் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

பஸ் பிடித்து அவர்கள் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது, தாலி கட்டி முடிந்து கடைசிப் பந்தி நடந்து கொண்டிருந்தது. எஞ்சினைப் பிரித்துச் சரி செய்ய ஆன செலவோ, அண்ணாவின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு அண்ணி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் பாட்டு வகுப்புக்கும் தினமும் அந்தக் காரை ஓட்டுவது நான். அதன் மூடியைத் திறந்து பார்ப்பது மட்டும் என் வேலை இல்லையென்று யார் சொன்னது?"

யாருமே சொல்லவில்லை! மோட்டார் காரின் சரித்திரமும் அப்படிச் சொல்லவில்லை. 1888-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஜெர்மனி தேசத்து மன்ஹைம் நகரில், கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பெர்த்தா ஒரு காரியம் செய்தார். கணவர் அமைத்த மோட்டார் வண்டியில், கணவரிடம் சொல்லிக் கொள்ளாமலே, தம் இரு பிள்ளைகளையும் ஏற்றிக் கொண்டு, நூறு கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த போர்ஸ்ஹைமுக்குத் தாயாரைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்! வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக் கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார் என்பார்கள். உலகத்தின் முதல் நெடுந்தூர மோட்டார் பிரயாணம் அதுதான். பெர்த்தா அம்மாளுக்கு ஊசி தேவைப்பட்டது. நமக்கு ஒரு பழந்துணி போதும்.

தோசைக்கல் பாடம்

எஞ்சினுக்கு எண்ணெய் எதற்கு என்பதை நம் சமையலறைத் தோசைக்கல்லே சொல்லிக் கொடுக்கும். எண்ணெய் தடவாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகிறது? ஒட்டிக் கொள்கிறது. எஞ்சினுக்குள்ளே உலோகத்தோடு உலோகம் அப்படி ஒட்டிக் கொள்வதைத்தான் மெக்கானிக்குகள் 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்கிறார்கள்.

நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வினாடிக்கு 50 சுற்று! நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் ஒவ்வொரு பிஸ்டனும் பல தடவை ஏறி இறங்கி விடுகிறது. சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமயிரை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். அடியிலுள்ள தொட்டியிலிருந்து ஒரு பம்பு எண்ணெயை உறிஞ்சி இடைவிடாமல் மேலே அனுப்பிக் கொண்டே இருக்கிறது. உராய்வைத் தடுப்பதோடு, சூட்டை வாங்கிக் கொள்வது, கரியையும் தூசியையும் அலசிக் கொண்டு வருவது, துருப் பிடிக்காமல் காப்பது எல்லாம் அதே எண்ணெய்தான்.

இவ்வளவு வேலை செய்யும் எண்ணெய் எப்படிக் குறைகிறது? மூன்று வழி உண்டு. நல்ல எஞ்சினிலும் துளித் துளியாகக் கொஞ்சம் எரிந்து போகும். தேய்ந்த எஞ்சினில் அதிகமாக எரியும். அப்போது பின்னால் நீலப் புகை வரும். இல்லாவிட்டால் எங்கேனும் கசிந்து வெளியேறும். காலையில் வண்டி நின்ற இடத்தைப் பாருங்கள். தெளிந்த நீராகச் சொட்டியிருந்தால் அது ஏ.ஸி.யின் தண்ணீர், பயம் வேண்டாம். பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுவென்று கறை இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கம்பி சொல்லும் சேதி

இனிப் பரீட்சைக்கு வருவோம். மாதம் ஒரு முறையும், ஒவ்வொரு நீண்ட பிரயாணத்துக்கு முன்பும் செய்ய வேண்டியது.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் கம்பி பொய் சொல்லும். ஓட்டி வந்த வண்டியானால் எஞ்சினை நிறுத்தி ஐந்து, பத்து நிமிஷம் பொறுங்கள். மேலே போன எண்ணெயெல்லாம் கீழே வடிய வேண்டாமா? சில கார்களில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே பார்க்கச் சொல்லியிருப்பார்கள். காருடன் கொடுத்த புத்தகத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படியே செய்யுங்கள்.

பானெட்டைத் திறந்து முட்டுக் கொடுங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள். பின்னலையும் வளையல்களையும் ஜாக்கிரதையாகப் பார்த்துக் கொள்ளுங்கள். எஞ்சின் பக்கத்தில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையம் ஒன்று தலை நீட்டிக் கொண்டிருக்கும். அதுதான் டிப் ஸ்டிக். நூல் பிரியாத சுத்தமான துணியுடன் அதை உருவித் துடையுங்கள். முதலில் தெரியும் அளவை நம்பாதீர்கள். முழுவதும் உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். கம்பியின் அடியில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். கோடாகவோ துளையாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் நின்றால் சரி. கீழ்க்கோட்டைத் தொட்டாலோ அதற்கும் கீழே போனாலோ எண்ணெய் விட வேண்டியதுதான். சில புதுக் கார்களில் இந்தக் கம்பியே கிடையாது. திரையில் அளவு காட்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

கம்பி அளவை மட்டுமா சொல்கிறது? நிறத்தையும் பாருங்கள். பெட்ரோல் கார் எண்ணெய் நாளாக ஆகப் பழுப்பாகிக் கறுக்கும். டீசல் காரில் புது எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடும்; அது இயற்கை. ஆனால் பால் விட்ட காப்பி போல் வெளுத்திருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலந்திருக்கலாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அளவு ஏறியிருந்தாலும், பெட்ரோல் வாசனை அடித்தாலும் அப்படியே காட்டிவிடுங்கள். எஞ்சினில் எண்ணெய் தானாகப் பெருகாது. வேறு ஏதோ கலக்கிறது என்றுதான் அர்த்தம்.

கொஞ்சம் கொஞ்சமாக

எண்ணெய் விடுவது கம்பி இருக்கும் துளையில் அல்ல. எஞ்சினின் மேலே கெண்டிப் படம் போட்ட தனி மூடி இருக்கிறது. பிரேக் எண்ணெய்க்கும், கண்ணாடி கழுவும் தண்ணீருக்கும் வேறு மூடிகள் உண்டு, மாற்றித் திறக்காதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடிப் பக்கமே போக வேண்டாம்.

புனல் வைத்துக் கால் லிட்டர் ஊற்றுங்கள். சில நிமிஷம் பொறுத்துக் கம்பியைப் பாருங்கள்; போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். அநேகக் கார்களில் இரு கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் அளவுதான் பிடிக்கும். 'நிறைய இருந்தால் நல்லதுதானே' என்ற தாராளம் இங்கே உதவாது. மேல்கோட்டைத் தாண்டினால், சுழலும் தண்டு எண்ணெயை மோர் கடைவது போல் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்குத் தாங்கும் சக்தி ஏது?

என்ன எண்ணெய் என்பதையும் புத்தகமே சொல்லும். 5டபிள்யூ-30 என்பது போல் ஓர் எண் இருக்கும். டபிள்யூ என்பது 'விண்டர்', அதாவது குளிர்காலத்தைக் குறிப்பது. முதல் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண், எஞ்சின் சூட்டில் அதன் கெட்டித் தன்மையையும் காட்டுகிறது. 'நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாகப் போட்டால் தேவலை' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மிச்சமானதை வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றவும் வேண்டாம். அதன் கிளச் எண்ணெயிலேயே ஊறுவது. அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது.

எண்ணெய் விட்டுக் கொண்டே இருந்தால் போதும், மாற்ற வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பளம் பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? நம் நாட்டில் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோ மீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அதற்குள் எண்ணெயையும் ஆயில் பில்ட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். 'எது முந்துகிறதோ' என்பதுதான் முக்கியம். வண்டி அதிகம் ஓடவில்லையே என்று மகிழ வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோ மீட்டர், கோயிலுக்கு ஒரு கிலோ மீட்டர் என்று ஓடும் காரில் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கி அதைக் கெடுத்துவிடுகின்றன.

மாற்றும்போது முடிந்தால் கூடவே நில்லுங்கள். டப்பாவின் சீல் உங்கள் கண் முன்னால் உடைபடட்டும். காலி டப்பாவை வெட்டிப் போடச் சொல்லுங்கள்; முழுதாகப் போனால் அதே டப்பாவில் போலி எண்ணெய் நிரம்பித் திரும்பி வரலாம். பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ செடிக்கடியிலோ கொட்டக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சிவப்பு விளக்கு

இப்போது அந்தக் கெண்டி விளக்குக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கிய சில வினாடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டதும் எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான், காட்டிவிடுங்கள்.

ஓடும்போது அது சிவப்பாக எரிந்தால், 'எண்ணெய் குறைகிறது, சீக்கிரம் வாங்கு' என்று சொல்கிறதாக எண்ணக் கூடாது. 'எண்ணெயின் அழுத்தம் போய்விட்டது. எஞ்சின் வறட்டு உலோகமாக உராய்கிறது' என்று கூக்குரல் இடுகிறது! பால் தீய்ந்த வாசனை வந்த பிறகு, 'இந்தத் தொடர்கதையை முடித்துவிட்டு அடுப்பை அணைக்கலாம்' என்று இருப்போமா? அடுத்த ஊர் வரை என்ற பேச்சே கூடாது. ஓரமாக ஒதுக்கி, உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பத்து நிமிஷம் கழித்துக் கம்பியைப் பாருங்கள். குறைந்திருந்தால் எண்ணெய் விட்டுப் பாருங்கள். எஞ்சின் கிளம்பியதும் விளக்கு அணைந்தால் மெதுவாகப் பக்கத்து ஒர்க் ஷாப்புக்குப் போகலாம். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் மறுபடி கிளப்பவே கூடாது; இழுத்துத்தான் போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்கலாம்.

அண்ணாவின் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காப்பி குடித்த கையோடு அண்ணி பானெட்டைத் திறக்கிறார். பெண் குழந்தை பழந்துணியுடன் நிற்கிறாள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, ஓடிய கிலோ மீட்டர், எண்ணெய் நின்ற இடம் எல்லாம் எழுதப்படுகின்றன. ஒரு மாதத்துக்கு மறு மாதம் அதிகமாக இறங்கினால் நோட்டே காட்டிக் கொடுத்துவிடும்.

போன தை மாதம் திருச்சியில் இன்னொரு கல்யாணம். கிளம்பும் முன் அண்ணா எலுமிச்சம்பழத்தைத் தேடினார். அண்ணி கம்பியைத் துடைத்து உள்ளே செருகிவிட்டு, "அதையும் வையுங்கள். ஆனால் எண்ணெய் பார்த்தாயிற்று" என்றார்.

இந்தத் தடவை முதல் பந்தியிலேயே இலை கிடைத்ததாம்!