வாரம் 1,250 ரூபா: கடனுக்குக் கையொப்பமிட முன்னர் போட வேண்டிய கணக்கு

2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் நுண்கடன் வேகமாகப் பரவியது. குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்கள் பலர் கடனாளிகளாயினர். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. இந்தக் கடன்களின் உண்மையான விலையை அறிய, பாடசாலையில் படித்த வகுத்தலே போதும்.

முதலில் ஒரு கடைக் கணக்கு. 400 கிராம் பால்மா 1,100 ரூபா, ஒரு கிலோ 2,600 ரூபா என்று வைப்போம். 400 கிராம் என்பது 0.4 கிலோ. 1,100ஐ 0.4ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் பத்தால் பெருக்கினால் தசமம் போய்விடும்: 11,000 ÷ 4 = 2,750. சிறிய பக்கெற்றில் ஒரு கிலோவுக்கு 150 ரூபா கூட. எதையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

கடனும் அப்படித்தான். 50,000 ரூபா கடன், வாரம் 1,250 ரூபா, 52 வாரங்கள். கட்டுவது 65,000, வட்டி 15,000. "வருடத்துக்கு 30 சதவீதம்தான்" என்பார்கள். ஆனால் அந்த 50,000 ரூபாவும் வருடம் முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை.

வார வட்டி 15,000 ÷ 52 = 288.46 ரூபா. முதல் வாரம் முழுக்கடனும் உங்களிடம் உள்ளது. அதில் 500 நூறு ரூபாக்கள். 288.46 ÷ 500 = 0.58, அதாவது நூறு ரூபாவுக்கு 58 சதம். 26 தவணை கட்டிய பின் மீதி முதல் 25,000. வட்டியோ அதே 288.46. இப்போது நூறு ரூபாவுக்கு 1.15 ரூபா. கடைசி வாரம் மீதி 961.54 ரூபா மட்டுமே. 288.46 ÷ 9.6154 = 30. நூறு ரூபாவுக்கு ஒரே வாரத்தில் 30 ரூபா!

குறைந்துசெல்லும் மீதிக்கு மட்டும் அதே 30 சதவீதம் அறவிட்டால், வாரத் தவணை ஏறத்தாழ 1,116 ரூபா. மொத்த வட்டி சுமார் 8,000 ரூபா. வித்தியாசம் 7,000 ரூபா.

ஆகவே, கடன் தருபவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வட்டி முழுக்கடனுக்கா, மீதிக்கா? கட்டணங்கள் கழித்துக் கையில் கிடைப்பது எவ்வளவு? 2,000 ரூபா கழித்தால் நீங்கள் பெறுவது 48,000. திருப்பிக் கட்டுவது அதே 65,000.