ஆள் தேடுவோரும் வேலை தேடுவோரும் சந்திக்கும் இடம்

கிளிநொச்சி மாவட்டத்தின் பிரதேச செயலகம் ஒன்றின் விறாந்தை. வாங்குகளில் பெண்கள் நெருக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். பலருடைய மடியிலும் ஒரு பிளாஸ்ரிக் உறை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மீள்குடியேற்ற காலத்துப் படிவங்கள், பழைய கடிதங்கள். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டிலிருந்து இந்த உறைகளைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள் இவர்கள்.

அவர்களுள் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "மிஸ், ஏதும் உதவி வந்தால் என்ர பேரையும் போட்டுவிடுங்கோ." கணவர் காணாமற் போனவர். மூன்று பிள்ளைகள். தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதே கிராமத்தில் இன்னும் பலருக்கும் தையல் இயந்திரமே வழங்கப்பட்டது. எல்லோரும் தைத்தால் யார் தைப்பிப்பது? தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் சட்டை தைத்து மூன்று பிள்ளைகளை எப்படி வளர்ப்பது?

அதே வாரம், நகரில் தையலகம் நடத்தும் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "ஆறு மாதமாய் ஆள் தேடுறன். தைக்கத் தெரிஞ்ச பிள்ளையள் ஒருத்தரும் வருகினமில்லை."

இருவருக்கும் இடையில் இருந்த தூரம் ஒரு பேருந்துப் பயணம் மட்டுமே. ஆனால் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே வேலைவாய்ப்புச் சேவை என்ற ஒன்று இருக்கிறது. அந்தச் சகோதரி பல தடவை ஏறி இறங்கிய அதே பிரதேச செயலகத்தில்தான் அதற்குரிய உத்தியோகத்தரின் மேசையும் இருந்தது. அவர் அங்கு ஒருநாளும் போனதில்லை. "அது படிச்ச பிள்ளையளுக்கு எண்டு நினைச்சன்" என்றார்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது?

இலங்கையில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களம் என்றொரு திணைக்களம் உண்டு. அதன் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் பணியாற்றுகிறார்கள். வேலை தேடுவோரைப் பதிவு செய்தல், தொழில் வழிகாட்டல், வெற்றிடங்களை நிறுவனங்களிடம் கேட்டு அறிதல், பொருத்தமானவரை அனுப்பி வைத்தல், தொழிற்சந்தைகளை ஒழுங்கு செய்தல், சுயதொழில் செய்ய விரும்புவோருக்கு ஆலோசனை வழங்குதல் என்பன அவர்களுடைய கடமைகள்.

இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. அரச வேலைவாய்ப்புச் சேவை இலவசமாக இருக்கவேண்டும் என்பது சர்வதேச தொழில் அமைப்பின் 1948 ஆம் ஆண்டு 88 ஆம் இலக்க உடன்படிக்கையிலேயே சொல்லப்பட்ட கொள்கை. எனவே வேலை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள். வெளிநாட்டு வேலை என்று சொன்னால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரித்த பின்னரே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள்.

பதிவுக்குச் செல்லும்போது நம் பெண்களுக்கு முதலில் இடறுவது ஆவணங்கள். இடம்பெயர்வில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் நாங்கள். ஆனால் இழந்ததில் பெரும்பாலானவற்றை மீளப் பெறலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்திலும், க.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் விண்ணப்பித்துப் பெறமுடியும். சுட்டெண் மறந்துபோயிருந்தால் படித்த பாடசாலையின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது இடறல் இன்னும் வேதனையானது. படிவத்தில் கணவரின் விபரம் கேட்கும் இடத்தில் பேனா நின்றுவிடும். 'இறந்தவர்' என்று எழுத மனம் வராது. 'உயிருடன்' என்று எழுதவும் கையில் ஆதாரம் கிடையாது. காணாமற் போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்திருக்கிறது. அதைப் பெறுவதா இல்லையா என்பது ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கும் உரிய முடிவு. ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வேலை கேட்பது உங்களை. உங்கள் கைத்திறனைப் பதிவதற்குக் கணவரைப் பற்றிய பதில் தடையாக இருக்கத் தேவையில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, உத்தியோகத்தரிடம் நிலைமையை வாயால் சொல்லுங்கள்.

தொழில் தெரியும், சான்றிதழ் இல்லை

அந்தச் சகோதரிக்குப் பதினைந்து வருடத் தையல் அனுபவம் இருந்தது. அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறை இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தொழிலைச் செய்து பழகியவர், பயிற்சி வகுப்புக்குப் போகாமலே, தான் செய்த வேலைகளின் ஆதாரங்களைக் காட்டியும் மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்டியும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பெறலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இதனைச் செய்கிறது.

தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமமானது. புதிதாகக் கற்க விரும்புவோருக்குத் தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. மகளை அங்கு அனுப்பும்போது 'பெண்பிள்ளைக்கு ஏற்ற படிப்பு' என்று தையலையும் கேக் அலங்காரத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். மின்னியலும் வாகனத் தொழில்நுட்பமும் பெண்களுக்கும் திறந்த கதவுகளே.

போரில் அவயவங்களை இழந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை ஒதுக்குமாறு 1988 ஆம் ஆண்டின் 27/88 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை கூறுகிறது. அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காத இடத்தில் யாரும் எடுத்துத் தருவதில்லை.

முதலாளிக்கு என்ன பயன்?

இந்தச் சேவை தொழில் தருநருக்கும் உரியது. வெற்றிடத்தை அறிவித்தால் பதிவுசெய்தவர்களிலிருந்து பொருத்தமானவர்களை உத்தியோகத்தர் அனுப்பி வைப்பார். தொழிற்சந்தையில் ஒரே நாளில் பலரை நேரில் கண்டு பேசலாம். பயிலுனர்களைச் சேர்த்துத் தன் வேலைக்கு ஏற்றபடி பழக்கவும் முடியும். விளம்பரச் செலவும் அலைச்சலும் மிச்சம்.

ஆனால் ஆளை அனுப்புவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நான் சொன்ன சகோதரி முதலில் சேர்ந்த வேலை இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. காலை 7.30க்கு அங்கு நிற்கவேண்டும். கிராமத்திலிருந்து புறப்படும் முதல் பேருந்தில் போனாலும் 8 மணி தாண்டிவிடும். தாமதத்துக்குச் சம்பளத்தில் வெட்டினார்கள். நியமனக் கடிதம் கேட்டதற்கு, "பிறகு பார்ப்பம்" என்றார்கள். சகோதரி நின்றுவிட்டார். அயலவர்கள் "வன்னிப் பெண்கள் நிவாரணத்துக்குப் பழகிவிட்டார்கள், நின்று வேலை செய்யமாட்டார்கள்" என்று பேசினார்கள். பேருந்து நேரத்தை யாரும் பேசவில்லை.

உத்தியோகத்தர் அவரைக் கைவிடவில்லை. மேலே குறைப்பட்ட தையலக உரிமையாளருடன் பேசினார். காலை 8.30க்கு வந்து மாலையில் அரை மணிநேரம் கூடுதலாக நிற்பதற்கு அவர் சம்மதித்தார். தையலகத்துக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பாடசாலை முடிந்து வரும் கடைசிப் பிள்ளையை மாலைவரை அம்மம்மா பார்த்துக்கொண்டார். இப்போது சகோதரி அங்கு ஒரு வருடத்தைக் கடந்துவிட்டார். 'வேலைக்கு ஆள் இல்லை' என்று சொல்லும் முதலாளிமார் ஒரு தடவை தங்கள் நேர அட்டவணையையும், பெண்களுக்கான மலசலகூடத்தையும், மாலையில் பாதுகாப்பாக வீடு செல்லும் வழியையும் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. இலங்கையில் தொழிற்படையில் இருக்கும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மீதிப் பேரில் பலரை வீட்டில் நிறுத்தியிருப்பது இத்தகைய தடைகளே.

வேலையை ஏற்கும் முன் கேட்கவேண்டியவை

நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். சம்பளம், வேலை நேரம், விடுமுறை என்பன அதில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளத்தை அறிந்திருங்கள். 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025 இல் திருத்தப்பட்டது. அதன்படி 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். முதலாளி தன் பணத்தில் 12 சதவீதம் சேர்க்கவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் மேலும் 3 சதவீதம் செலுத்தவேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் பெறலாம். கணவரின் ஓய்வூதியம் என்ற நிழல் இல்லாத எங்களுக்கு முதுமைக்கான சேமிப்பு இதுதான்.

கழித்த பணம் கணக்கில் சேரவில்லை என்றால், அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். சம்பளச் சீட்டுகளை அந்தப் பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரப்படுத்துங்கள்.

முதல் அடி

சகோதரிகளே, இந்தச் சேவையில் குறைகள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பதிந்துவிட்டுக் காத்திருந்து சலித்தவர்களையும் அறிவேன். ஊருக்குள் தொழிற்சாலை இல்லாத இடத்தில் உத்தியோகத்தர் மட்டும் என்ன செய்வார்? ஆயினும் பதியாமல் இருப்பவரை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. தொழிற்பயிற்சி எதை வழங்கவேண்டும், எந்த வழியில் பேருந்து விடவேண்டும் என்று கேட்பதற்கும், எங்களில் எத்தனை பேர் வேலை தேடுகிறோம் என்ற கணக்கு வேண்டும். நாங்கள் பதியாவிட்டால் அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை.

அடுத்த தடவை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது, வந்த அலுவலை முடித்துக்கொண்டு இன்னொரு மேசைக்கும் போய் வாருங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அல்லது மாதர் சங்கத்திலிருந்து இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். "எனக்கு என்ன உதவி வந்திருக்கிறது?" என்று கேட்டுப் பழகிய நாங்கள், அங்கே ஒரு தடவை வேறு விதமாகத் தொடங்கிப் பார்ப்போம்: "எனக்கு இந்த வேலை தெரியும்."