ஊட்டிச் சேற்றில் ஒரு ஆடிட்!

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸைத் துரத்தி ஸீட் பிடிக்கும் இளைஞர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே போனதும் தைல மரத்தடியில் நின்று, 'என்னா இயற்கைடா மாப்ளே!' என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்த மரத்துக்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியா!

அப்ப, நம்ம மலையில் முன்பு என்னதான் இருந்தது? பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. 'எவனோ காட்டை வெட்டித் தீ வைத்ததில் வந்த புல்தானே... மரம் நட்டால் சரியாகிவிடும்' என்று ரொம்ப நாளாக ஒரு கட்சி உண்டு. பி.காம். படித்தவன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான்: பழைய கணக்கு நோட்டு எங்கே சார்?

இருக்கிறது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவின் கறுப்புச் சேற்றில்!

பூக்களின் மகரந்தத்தூள் காற்றில் வந்து சேற்றில் விழுகிறது. அதன் மேலோடு லேசில் மக்காது. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கும். மரத்தின் தூளுக்கு ஒரு வடிவம், புல்லின் தூளுக்கு வேறு வடிவம். அடுக்கடுக்காகச் சேற்றை எடுத்து, அமிலத்தில் அலசி, மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறார்கள். எந்த அடுக்கு எந்தக் காலம் என்பதை கார்பன்-14 சொல்லிவிடும்.

பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டின் ஜி.வசந்தி இப்படி எண்ணி 1988-ல் கட்டுரை வெளியிட்டார். 1993-ல் ஆர்.சுகுமார், ஆர்.ரமேஷ் குழுவினர் நீலகிரிச் சேற்றின் கார்பனைச் சோதித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். விஷயம் இதுதான்: சுமார் 20,000 வருஷத்துக்கு முன், பனியுக உச்சத்தில், பருவமழை மெலிந்திருந்த காலத்திலேயே அங்கே புல் கொடிகட்டிப் பறந்திருக்கிறது. மழை வலுத்தபோது காடு பரவியது. குறைந்தபோது மறுபடி புல். 20,000 வருஷத்துக்கு முன் விவசாயமே கிடையாது. காட்டை அழித்துப் புல் வளர்த்தது யாராம்?

சரி, மதுரைக்காரனுக்கு இதில் என்ன? பழனி மலையிலும் இதே சோலை, இதே புல்வெளிதான். அங்கே சுமார் 40 வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காலி என்கிறது 2018-ல் வெளிவந்த சாட்டிலைட் ஆய்வு. அந்த இடங்களில் பெரும்பாலும் வாட்டில், பைன், தைல மரங்கள். மழையைக் குடித்து ஓடைக்குக் கொஞ்சங்கொஞ்சமாக விடுவது அந்தப் புல்தான். அங்கே பிறக்கிற வராக நதியும் மஞ்சளாறும் கடைசியில் சேர்வது நம்ம வைகையில்!

மரம் நடுவது புண்ணியம்தான். நடுகிற இடம் எது என்பதைச் சேற்றிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடலாம். புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதுவது, போட்ட முதலை நஷ்டக் கணக்கில் தள்ளுவது மாதிரி. அப்படிக் கணக்கு எழுதுகிற கம்பெனி எத்தனை நாளைக்கு ஓடும், சொல்லுங்க?