இசைத்தட்டும் சுழல்தட்டும்

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஓவியன் தீட்டிய உருவம் சுவரில் நிற்கின்றது. சிற்பி செதுக்கிய வடிவம் கல்லில் நிற்கின்றது. புலவன் யாத்த செய்யுள் ஏட்டில் நிற்கின்றது. பாடகனுடைய குரல் மாத்திரம் அவனோடு தோன்றி அவனோடு மறைவதாய்ப் பன்னெடுங்காலம் இருந்தது. தியாகராச சுவாமிகள் தம் கீர்த்தனைகளைத் தாமே பாடியபோது அவை எவ்வாறு ஒலித்தன என்பதை அறிய நமக்கு வழியில்லை. 1877-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொமஸ் அல்வா எடிசன், வெள்ளீயத்தாள் சுற்றிய உருளையொன்றில் மனிதக் குரலைப் பதித்து மீட்டும் ஒலிக்கச்செய்தார். பத்தாண்டு கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தகட்டைக் கையாண்டார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுக்களை அழுத்தியெடுக்கக் கூடியதாயிருந்தமையால், தட்டே நிலைபெற்றது.

இன்று ஒருவர் தம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிற் பல்லாயிரம் பாடல்களைக் கொண்டுசெல்கின்றார். அவ்வாறிருக்க, சுழலுந் தட்டின்மேல் ஊசியை வைத்துப் பாட்டுக் கேட்கும் பழைய வழக்கம் மீண்டும் தழைத்துவருகின்றது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் விற்பனையான வினைல் இசைத்தட்டுக்களின் தொகை, குறுந்தட்டுக்களின் தொகையை விஞ்சியது. 1987-க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. இம்மீட்சிக்குக் காரணம் பழைய தட்டின் ஒலி சிறந்தது என்பதே எனச் சிலர் கூறுவர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. இரைச்சலின்மை, வேகத்தின் உறுதி ஆகிய இரண்டிலும் எண்முறைப் பதிவே மேம்பட்டது. தமிழர்க்கு இசைத்தட்டின்மேல் அக்கறை வேண்டுவது வேறொரு காரணம்பற்றியாகும். அஃது யாதெனின், நம் இசைச்செல்வத்தின் ஒரு பகுதி அத்தட்டுக்களிலன்றி வேறெங்கும் இல்லை என்பதே.

எடுத்துக்காட்டாக எஸ். ஜி. கிட்டப்பாவைக் கொள்வோம். 1926-இல் கொழும்பு நாடகமேடையிலே கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்த அந்த நடிகர் 1933-இல், இருபத்தேழாவது வயதில் மறைந்தார். அவர் திரைப்படம் எதிலும் தோன்றவில்லை. உச்ச சுருதியில் உலவிய அக்குரலுக்கு எஞ்சியுள்ள சான்று கிராமபோன் தட்டுக்களே. அவ்வாறான தட்டொன்று ஒரு வீட்டுப் பரணிற் கிடந்து, அவ்வீட்டு இளைஞர் ஒருவர் ஆர்வமிகுதியாற் பொருந்தாத கருவியில் அதனை இட்டுச் சுழற்றுவாராயின், தட்டும் ஊசியும் ஒருங்கே கெடுதல் கூடும். ஆகவே கருவியைத் தெரிந்தெடுத்தல் என்பது பணச்செலவு பற்றிய கேள்வி மாத்திரமன்று.

தட்டின் அமைப்பை முதலில் நோக்குவோம். அதன் முகத்திலே உழுசால் போன்ற நுண்ணிய தவாளிப்பொன்று விளிம்பிலே தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்கின்றது. பலர் எண்ணுமாறு அவை பல வட்டங்கள் அல்ல. ஒரு பக்கத்துக்கு ஒரே வரிதான். இருபத்திரண்டு நிமிடம் ஒலிக்கும் நெடுநேரத் தட்டின் ஒரு பக்கத்துத் தவாளிப்பை நேராக்கி நீட்டினால், அது ஏறக்குறைய 450 மீற்றர் நீளமாகும். அதன் சுவர்கள் ஒலியலைக்கேற்ப வளைந்து நெளிந்துள்ளன. ஊசி அந்நெளிவிற் செல்லுங்கால் தானும் அசைகின்றது. அவ்வசைவே மீண்டும் ஒலியாகின்றது.

பழைய 78-வேகத் தட்டுக்கள் அரக்கும் கற்பொடியும் கலந்த கலவையால் ஆனவை. அவ்வரக்குப் பெரும்பாலும் இந்தியக் காடுகளில் அரக்குப்பூச்சியிலிருந்து பெறப்பட்டது. பாரதத்து அரக்குமாளிகையின் பொருளே உலகத்துப் பாடகர்களின் குரலுக்கும் மாளிகையாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. கற்பொடி சேர்ந்தமையால் அத்தட்டுக் கடினமானது, எளிதில் உடைவது, இரைச்சல் மிக்கது. சாவிகொடுக்கும் பழைய கிராமபோனின் எஃகு ஊசியை அப்பொடி உராய்ந்து தேய்த்துத் தவாளிப்பின் வடிவுக்கு இசைவித்தது. அதனாலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்றுக என்று அக்காலத்தில் விதித்தனர். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமளவே ஒலிக்கும்.

1948-இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. மறு ஆண்டில் ஆர். சி. ஏ. விக்டர் நிறுவனம் 45 முறை சுழலும் சிறு தட்டைக் கொணர்ந்தது. இவை வினைல் என்னும் மிருதுவான பொருளால் ஆனவை. தவாளிப்பும் மிகக் குறுகியது. 78-வேகத் தட்டுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அகலமான ஊசிமுனை வேண்டும். நெடுநேரத் தட்டுக்கு ஒரு பங்கோ அதனினுங் குறைந்ததோ போதும். சிறுமுனை ஊசியைப் பழைய தட்டில் வைத்தால், அது சுவர்களைத் தொடாது அடியிலுள்ள தூசியில் உருண்டு பெரும் இரைச்சலை எழுப்பும். பெருமுனை ஊசியைப் புதிய தட்டில் வைத்தால், அது தவாளிப்பினுட் புகாது மேல்விளிம்பைச் சிதைக்கும். பழங்கிராமபோனின் பாரமான ஒலித்தலையும் எஃகு ஊசியுமோ வினைல் தட்டை ஒரேமுறையிற் பாழாக்கவல்லன. ஆதலின் இருவகைத் தட்டும் உடையார், ஊசியை மாற்றத்தக்க கருவியையே நாடுதல் வேண்டும்.

இனி, சுழல்தட்டைத் தெரிந்தெடுக்கும் வகையைக் காண்போம். அதன் முதற்கடமை மாறாத வேகத்திற் சுழலுதல். வேகம் ஆறு விழுக்காடு மாறினால் சுருதி ஒரு சுரத்தானம், அதாவது ஏறக்குறைய அரைக்கட்டை, மாறிவிடும். மேனாட்டிலிருந்து பழைய கருவிகளைத் தருவிப்போர் ஈண்டு விழிப்பாயிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் மின்னோட்டம் செக்கனுக்கு 60 முறை அலைவது. இலங்கையில் 50 முறை. பழைய மோட்டர்கள் பல அவ்வலைவையே பின்பற்றிச் சுழல்வன. அத்தகைய அமெரிக்கக் கருவிக்கு மின்னழுத்தத்தை மாத்திரம் மாற்றிக்கொடுத்து இங்கே இயக்கினால், 33⅓ என்பது 28-க்குஞ் சற்றுக் குறைந்துவிடும். பாட்டு மூன்று சுரத்தானத்துக்கு மேற் கீழிறங்கி, பெண்குரல் ஆண்குரல்போல் ஒலிக்கும். கருவியைக் குறை கூறிப் பயனில்லை.

வேகத்தைச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு. 180 கரும்பட்டைகள் சமமாக வரையப்பெற்ற வட்டத்தாளைச் சுழல்தட்டில் இட்டு, நம் நாட்டு மின்னோட்டத்தில் எரியும் பழைய வகைக் குழல்விளக்கின் ஒளியிற் பார்க்கவேண்டும். அவ்விளக்குச் செக்கனுக்கு 100 முறை மினுங்குவது. வேகம் சரியாக 33⅓ ஆயின் பட்டைகள் அசையாது நிற்பனபோலத் தோன்றும். விரைவாயின் முன்னோக்கியும் மந்தமாயின் பின்னோக்கியும் நகரும். 78-வேகத்துக்கு 77 பட்டைகள் வேண்டும். அன்றியும், 78-வேகத் தட்டு எனப்படுவன யாவும் அவ்வேகத்திலேயே பதியப்பெற்றவை அல்ல. தொடக்ககாலத் தட்டுக்களில் எழுபதை அண்டிய வேகத்திற் பதிந்தவையும் எண்பதைக் கடந்தவையும் உள. ஆகவே கிட்டப்பா எத்தனை கட்டையிற் பாடினார் என்று தட்டைக்கொண்டு வழக்காடுவோர், முதலில் அத்தட்டின் வேகத்தை நிறுவுதல் முறையாகும். வேகத்தைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள கருவியே இதற்கு உதவும்.

மோட்டரின் இயக்கத்தைத் தட்டுக்குக் கொண்டுசெல்ல மூன்று முறைகள் உள்ளன. இறப்பர்ச் சில்லை இடைவைத்து இயக்குதல் பழைய முறை. 1954-இல் வெளிவந்த கரார்ட் 301 அவ்வகையிற் பேர்பெற்றது. இறப்பர் வாரினால் இயக்குவது மற்றொன்று. மோட்டரின் அதிர்வை அவ்வார் உறிஞ்சிக்கொள்ளும். வெப்பநாட்டில் வார் நாளடைவில் நெகிழுமாதலின், மாற்றுவார் கிடைக்குமா என்பதை வாங்குமுன் கேட்டறிக. மோட்டரின் அச்சிலேயே தட்டைப் பொருத்துவது மூன்றாவது. யப்பானிய டெக்னிக்ஸ் நிறுவனம் 1970-இல் இம்முறையிற் செய்த கருவியை வெளியிட்டது. 1972-இல் வந்த அதன் எஸ்எல்-1200 என்னும் வகை 2010-இல் நிறுத்தப்பட்டு 2016-இல் மீண்டும் வந்தது. எம்முறையாயினும் நன்கு செய்யப்பட்டதே நன்று. முறைபற்றி எழும் வாதங்கள் பெரும்பாலும் விற்பனையாளர்க்கே பயன்படுவன.

உண்மையில் தட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது மோட்டரன்று. ஊசிதாங்கும் கையும், அதன் நுனியிலுள்ள காட்ரிஜ் எனப்படும் சிறு பெட்டகமுமே. நெடுநேரத் தட்டுக்கு ஊசியின் பாரம் பொதுவாக ஒன்றரைக் கிராம் முதல் இரண்டரைக் கிராம் வரை இருத்தல் வேண்டும். பாரத்தைக் குறைத்தால் தட்டுக்கு நன்மை என்று கருதுவது தவறு. பாரம் போதாத ஊசி தவாளிப்பிற் படியாது துள்ளிச் சுவர்களை மோதும். மெல்ல உராய்தலினும் மோதுதலே கேடு மிக்கது. செய்தோர் குறித்த அளவையே கைக்கொள்க. பெட்டிவடிவில் ஒலிபெருக்கியோடு சேர்த்து விற்கப்படும் மலிவான கருவிகள் பலவற்றில் பாரத்தை அளந்து திருத்தும் வசதி இல்லை. ஒலிபெருக்கியின் அதிர்வும் ஊசிக்குச் சென்று சேர்கின்றது. கண்ணுக்கு அழகாயினும் அவற்றை நாம் பரிந்துரையோம். அதே பணத்துக்குப் பழைய நற்கருவியொன்றைத் தேடிப் பழுதுபார்த்துக்கொள்ளுதல் மேல்.

வைர ஊசியும் தேயும். அதன் ஆயுள் ஏறத்தாழ 500 முதல் 1000 மணிநேரம் எனக் கொள்வர். தேய்ந்த வைரம் தட்டை அறுக்குமாதலின், பழைய கருவியை வாங்குவோர் ஊசியைப் புதிதாக இடுதலே அறிவுடைமை.

ஊசியின் அசைவாற் பிறக்கும் மின் மிகச் சிறிது. வழக்கமான காந்தக் காட்ரிஜில் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஐந்து பங்களவே. மேலும், தட்டில் இசையைப் பதியுங்கால் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகின்றனர். இன்றேல் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தவாளிப்பை மிக அகலச்செய்துவிடும். உயர்ந்த சுரங்களோ இரைச்சலில் அமிழ்ந்துபோகும். அதனைத் தலைகீழாகத் திருத்திப் பெருக்குதற்கு ஒரு தனிக்கருவி வேண்டும். கூட்டல் குறைத்தலின் அளவு 1954-இல் அமெரிக்காவில் வரையறை பெற்றுப் பின் எங்கும் பரவியது. அதற்கு முந்திய தட்டுக்கள் வெவ்வேறு அளவின. அவற்றுக்குச் செவியே அளவுகோல். இன்னுமொன்று: 78-வேகத் தட்டில் ஊசி பக்கவாட்டிலேயே அசைவது. இரட்டைத்தட ஒலிக்கருவியில் அதனைக் கேட்கும்போது இரு தடங்களையும் ஒன்றாக்கும் விசையை அழுத்தினால், மேல்கீழ் அசைவாலெழும் இரைச்சல் பெரிதும் நீங்கும். செலவில்லாத இத்திருத்தத்தைப் பலர் அறியார்.

பேணுதல் பற்றிச் சில கூறுவோம். வினைல் தட்டைச் சிறிது சாராயச்சத்துக் கலந்த நீராற் கழுவலாம். அரக்குத் தட்டிலோ சாராயச்சத்து ஒருதுளியும் படலாகாது. அது அரக்கைக் கரைத்துவிடும். தட்டுக்களைப் புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்குக. ஒன்றன்மேலொன்றாக ஏற்றினால் வளையும். நம் நாட்டு வெயிலிற் பூட்டிய மோட்டர் வண்டியினுள் ஒரு பிற்பகல் கிடந்த வினைல் தட்டுப் பின்னர் எதற்கும் உதவாது. மாரிகாலத்துப் பூஞ்சணம் உறைத்தாளிலிருந்து தட்டுக்குப் பரவுமாதலின், பழுதான உட்தாளை மாற்றுக. ஆயின் அச்சிட்ட பழைய உறையை எறியற்க.

இவ்வளவு பாடுபட்டுக் கேட்பதில் இன்பம் யாது? மூன்று நிமிட வரம்பு நம் இசைவாணர்க்கு ஒரு சோதனையாயிருந்தது. மேடையில் ஒருமணி நேரம் விரிக்கும் இராகத்தின் உயிரை மூன்று நிமிடத்திற் காட்டவேண்டியிருந்தது. திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளையின் தோடி ஆலாபனைத் தட்டைக் கேட்போர், வீண்சொல் இல்லாத செய்யுளைப்போல் அஃது அமைந்திருத்தலை உணர்வர். நெடுநேரத் தட்டு அவ்வரம்பை நீக்கியது. 1963-இல் வெளியான எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்பிரபாதம் ஒரு பக்கம் முழுவதும் இடையறாது ஒலித்தமை அதனாற் கைகூடியதே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கருவி கலையை எவ்வாறு வளைக்கின்றது என்பது விளங்கும்.

1902-ஆம் ஆண்டு நவம்பரிலே கல்கத்தாவில் முதன்முதற் பதியப்பட்ட இந்தியப் பாடகியருள் ஒருவரான கவுகர் சான், பாட்டின் முடிவில் ஆங்கிலத்திலே தம் பெயரைக் கூறுவார். செருக்கன்று, தட்டை அச்சிட்ட செருமானியத் தொழிலாளர் அதன் உரியவரை அறிந்துகொள்ளவே அவ்வாறு செய்தனர். இத்தகைய செய்திகள் பழந்தட்டுக்களில் நிரம்ப உண்டு. நடுவிலுள்ள சிட்டையில் தொகுப்பெண்ணும், அதனை அடுத்த வெற்றிடத்திற் பொறித்த அச்செண்ணும் கொண்டு பதிவுக்காலத்தை அணுகலாம்.

வீட்டிற் பழந்தட்டு உடையார், அதனை நன்கு துடைத்து, உரிய ஊசியால் ஒருமுறை இயக்கி, அவ்வொலியை எண்முறையிற் பதிந்து வைத்துக்கொண்டால், பின்னர்த் தட்டை அடிக்கடி உழைப்பிக்க வேண்டியதில்லை. பதியும்போது கையாண்ட வேகத்தையும், ஊசியின் அளவையும், நாளையும் உறையின்மேல் மென்பென்சிலால் எழுதிவைக்க.