கம்பத்தடி – 14: ஸ்கிரீன் வருது, சென்டர் எங்கே?

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டியில் தோற்றுப்போன அணியின் பெஞ்ச் பக்கம் காதைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே குற்றச்சாட்டுதான் கேட்கும்: “சென்டர் தூங்கிட்டான்.” நடந்தது என்ன? எதிரணியின் பாயின்ட் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். அவர்களுடைய உயரமான பையன் கீழிருந்து ஓடிவந்து நம் கார்டின் வழியை மறித்து நிற்கிறான்; அதுதான் ஸ்கிரீன். நம் ஆள் அவன்மேல் முட்டி அரை நொடி தேங்குகிறான். அதற்குள் பந்துக்காரன் உள்ளே புகுந்து லே-அப் போட்டுவிடுகிறான். பார்த்தவர்கள் கண்ணில் கடைசியாகப் பட்டது, வளையத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற நம் சென்டர். பழி அவன் தலையில் விழுகிறது.

இந்த வாரம் அந்தப் பையனுக்காகப் பேச வேண்டும். பந்து வைத்திருப்பவனுக்குப் போடும் ஸ்கிரீனை உயரமானவன் எப்படித் தடுக்க வேண்டும் என்பதை நம் கல்லூரிகள் பலவற்றில் அவனுக்கு யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. “உள்ளே நில்லு, வந்தா பிளாக் பண்ணு” என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

சொல்லித் தரும் மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் இந்த ஆட்டத்தை உருவாக்கியது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழ்நாடெங்கும் பி.டி. மாஸ்டர்களாகப் போனார்கள். 1937-ல் பாரிமுனைப் பக்கமிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்த கிறித்தவக் கல்லூரி, சேலையூர் பாரத், பல்லாவரம் வேல்ஸ், வண்டலூர் கிரசென்ட், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். என்று இந்த வட்டாரத்தில் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. உயரமான பையன்களும் வந்து சேர்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் கூடைப்பந்துக்கு வந்து சேரும் வழி வேறு.

ஊரில் ஒரு பையன் ஆறடியைத் தாண்டினால் அவனை முதலில் கூப்பிடுவது வாலிபால் கோர்ட். நெட்டுக்கு அருகே நின்று, எதிராளி கையை ஓங்கியதும் எகிறி பிளாக் போடப் பழகுகிறான். கல்லூரியில் கூடைப்பந்துக்கு மாறும்போது அந்த எகிறலும் கூடவே வருகிறது. வளையத்தடியில் அது பெரிய சொத்து. ஸ்கிரீனுக்கு எதிரே அதுவே ஆபத்து. பந்துக்காரன் தோளைக் கொஞ்சம் அசைத்து எறிவதுபோல் காட்டினால் போதும், பையன் காற்றில் இருப்பான். அவன் இறங்குவதற்குள், ஸ்கிரீன் போட்டுவிட்டுத் திரும்பி ஓடும் எதிரணி சென்டரின் கைக்குப் பந்து போய்விடும். ஆகவே அவன் முதலில் கற்க வேண்டியது, தரையில் காலை ஊன்றி நிற்பதை.

சேலையூர் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில் மாலைப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோச் சாக்பீஸால் சிமென்ட் தரையில் இரண்டு கோடு போட்டார். ஒன்று ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டி. இன்னொன்று வளையத்துக்கும் அதற்கும் நடுவே. ஸ்கிரீன் விழும் நேரத்தில் சென்டரின் பின்னங்கால் முதல் கோட்டில் இருக்க வேண்டும். பந்துக்காரன் தட்டுவதை நிறுத்திப் பந்தைக் கையில் எடுக்கும்வரை இரண்டாவது கோட்டைத் தாண்டிப் பின்வாங்கக் கூடாது. இதற்குப் பெயர்தான் டிராப்.

பையன் நல்ல உயரம். முதல் முறை கோட்டில் சரியாகவே நின்றான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கோச் விசில் ஊதினார்.

“தம்பி, ஸ்கிரீன் வர்றது உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது சார்.”

“அவனுக்குத் தெரிஞ்சுதா?” என்று கார்டைக் காட்டினார். “அவன் முதுகுக்குப் பின்னாடி நடக்குது. நீ சொன்னாத்தான் அவனுக்குத் தெரியும். முட்டினப்புறம் கத்தி என்ன பிரயோஜனம்?”

அடுத்த முறை எதிரணி சென்டர் கீழிருந்து கிளம்பியதுமே “ஸ்கிரீன் ரைட், ரைட்!” என்று குரல் வந்தது. கார்டு உடனே உடம்பை ஒடுக்கி, பந்துக்காரனை ஒட்டி ஸ்கிரீனுக்கு மேலாக நழுவினான். அதே இரண்டு பேர், அதே வேகம். இந்த முறை முட்டல் இல்லை.

விதியும் இந்தக் குரலின் அவசியத்தைத்தான் சொல்கிறது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி ஸ்கிரீன் போடுபவன் அசையாமல், இரு காலும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்குப் போடும்போது அவன் நிற்கவோ திசை மாற்றவோ இடம் விட வேண்டும். ஆனால் அந்த இடைவெளி ஓரிரு எட்டுக்கு மேல் கிடைக்காது. கண்ணால் பார்த்துச் சுதாரிக்க அது போதாது. காதால் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

குரல் கொடுத்தாயிற்று. இனி கால்கள். சென்டரின் வேலை பந்துக்காரனையும், உருண்டு உள்ளே ஓடும் எதிரணி சென்டரையும் ஒரே நேரத்தில் தன் முன்னால் வைத்திருப்பது. காலைக் குறுக்கே போட்டு ஓடினால் முடியாது; முழங்கால் மடித்து, சிறு சிறு எட்டாகச் சறுக்கிப் பின்வாங்க வேண்டும். ஒரு கை கீழே, பந்தின் மட்டத்தில், தரையில் தட்டி உள்ளே அனுப்பும் பவுன்ஸ் பாஸை மறிக்க. இன்னொரு கை மேலே, தலைக்கு மேல் தூக்கிப் போடும் லாப் பாஸுக்காக. பந்துக்காரன்மேல் பாயவும் வேண்டாம், அவனை விட்டுவிடவும் வேண்டாம். சுற்றி வரும் நம் கார்டு மறுபடி அவனுக்கு முன்னால் வந்து சேர ஏறத்தாழ இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியை வாங்கிக் கொடுப்பதுதான் சென்டரின் மொத்தக் கடமை. பந்து எறிபவனின் கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் எகிறல். அதுவும் நேர்மேலே, கைகளை உயர்த்தி. தனக்குரிய இடத்துக்கு மேலேயே நேராக எகிறினால், மோதல் நடந்தாலும் அவன்மேல் ஃபவுல் கிடையாது. ஐந்து ஃபவுலில் வெளியேற்றும் ஆட்டத்தில், இருக்கும் ஒரே உயரமான பையனை இரண்டாம் குவார்ட்டரிலேயே பெஞ்சில் உட்கார வைக்காமல் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான்.

கைப்பேசியில் என்.பி.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் பையன்கள் கேட்கிறார்கள்: அங்கே சென்டர் வெளியே வந்து ஆடுகிறானே, நாம் ஏன் உள்ளேயே நிற்க வேண்டும்? அங்கே தடுப்பவன் யாரையும் காக்காமல் மூன்று நொடிக்கு மேல் வளையத்தடிக் கட்டமான பெயின்ட்டுக்குள் நிற்கக் கூடாது. நாம் ஆடும் ஃபீபா விதியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் இல்லை. மேலும் நம் ஆட்டங்களில் பல திறந்தவெளி சிமென்ட் தரையில், மாலைக் காற்றில் நடக்கின்றன. ஓ.எம்.ஆர். பக்கம் சோழிங்கநல்லூர், படூர் என்று போனால் கடற்காற்று இன்னும் கூடுதல். 6.75 மீட்டரிலிருந்து, அதுவும் ஓட்டத்தில் நின்று எறியும் பந்தை அந்தக் காற்று சும்மா விடாது. டிராப்பில் நாம் விட்டுக்கொடுப்பது அந்த எறிவைத்தான். இந்தத் தரையில், இந்தக் காற்றில் அதை விட்டுக்கொடுக்கலாம். வளையத்தடி லே-அப்பை விட்டுக்கொடுக்க முடியாது. உள்ளரங்கில் நல்ல ஷூட்டரைச் சந்திக்கும்போது கணக்கு மாறும், அன்று சென்டர் ஓர் எட்டு மேலே வந்து நிற்க வேண்டியதுதான்.

நம் அணிகளில் சென்டர் என்று ஆடுகிறவன் பல நேரம் ஆறடி ஒன்றோ இரண்டோதான். அவன் டிராப்பில் பின்வாங்கி வளையத்தைக் காத்துவிட முடியாது. அப்படிப்பட்டவனுக்கு ஹெட்ஜ் பொருந்தும். ஸ்கிரீன் விழும் கணத்தில் அதற்கு அப்பால் துள்ளி வந்து, மார்பைப் பக்கக் கோட்டின் பக்கம் திருப்பி, பந்துக்காரனை நடுக்கோடு நோக்கிப் பின்னால் ஓட வைப்பது. கார்டு வந்து சேர்ந்ததும் தன் ஆளிடம் திரும்பி ஓட்டம். டோனி பென்னட் கோச்சாக இருந்த காலத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி இதற்குப் பேர்போனதாக இருந்தது. 2018-ல் முதல் சுற்றிலேயே அவமானப்பட்டு வெளியேறிய அந்த அணி, தன் தடுப்பாட்ட முறையைக் கைவிடாமல் 2019-ல் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனது. ஹெட்ஜில் அந்தத் திரும்பி ஓடும் ஓட்டம்தான் உயிர். அதற்கு மூச்சு வேண்டும், மற்ற மூவரும் அந்த இடைவெளியில் உள்ளே நெருங்கி மூட வேண்டும். காலை ஒன்பது மணி வெயிலில் லீக் ஆட்டம் வைத்தால் கடைசிக் குவார்ட்டரில் அந்த ஓட்டம் இருக்காது என்பதையும் கோச் கணக்கில் வைக்க வேண்டும்.

ஸ்விட்ச் என்று ஆளை மாற்றிக்கொள்வதை நான் பெரிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சி தராமல் தப்பிக்கும் வழியாகவே அது இங்கே பயன்படுகிறது.

டிராப்பின் உண்மையான மதிப்பைக் காட்டிய ஆட்டம் 2024 ஏப்ரல் 8 அன்று நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதிப்போட்டி. பர்டூ அணியில் ஏழடி நான்கு அங்குல உயரமுள்ள ஸாக் எடி. சுற்றிலும் நாட்டின் முன்வரிசை மூன்று புள்ளி எறிவாளர்கள். கனெக்டிகட் அணியின் கோச் டான் ஹர்லி, எடியையும் அவனோடு ஸ்கிரீன் ஆடும் கார்டையும் முடிந்தவரை இரண்டே பேர் சமாளிக்கட்டும் என்று விட்டார். மற்ற மூவர் தங்கள் ஷூட்டர்களை விட்டு நகரவில்லை. எடி 37 புள்ளி எடுத்தான். ஆனால் பர்டூ முழு ஆட்டத்திலும் எறிய முடிந்த மூன்று புள்ளி எறிவுகள் ஏழுதான். விழுந்தது ஒன்றே ஒன்று. கனெக்டிகட் 75-60 என்று வென்றது. டோனவன் கிளிங்கன் என்ற அந்த அணியின் சென்டர் எடியை அடக்கிவிட்டான் என்று ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் செய்தது, உதவிக்கு மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டிய நிலையை அணிக்கு வைக்காததுதான். அந்த வேலைக்கு ஸ்கோர்ஷீட்டில் பத்தி கிடையாது.

நம் கோச்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சென்டரைத் தனியாக ஓரத்தில் வைத்து ஹுக் ஷாட் மட்டும் பழக்காதீர்கள். தினமும் பயிற்சியின் தொடக்கத்தில், கால் களைக்கும் முன், இரண்டுக்கு இரண்டு வைத்து ஸ்கிரீனைத் தடுக்கச் செய்யுங்கள். பிறகு மூன்றுக்கு மூன்று. ஒரு பருவத்துக்கு ஒரே தடுப்பு முறை போதும், அது பழகட்டும். சிமென்ட் தரையில் எகிறிக் குதிப்பதைக் குறைத்துச் சறுக்கி நகர்வதைக் கூட்டினால் பையனின் முழங்காலும் பிழைக்கும். பந்து உள்ளே போனால் விசில் ஊதி முதலில் கார்டைக் கேளுங்கள்: ஸ்கிரீனைச் சுற்றி வந்தாயா, நின்றுவிட்டாயா? பிறகு சென்டரைக் கேளுங்கள்: குரல் கொடுத்தாயா?

அடுத்த வாரம்: ஸ்கிரீனுக்குப் பிறகு ரீபவுண்டு யார் பொறுப்பு?

(தொடரும்)