பெரும் பெயரும் வெறுங்கையும்

பந்தய வீரரின் மகன் பந்தய வீரராவதில் வியப்பொன்றும் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். தந்தையின் பெயர் கதவைத் திறக்கும். அவர் ஈட்டிய செல்வம் முதல் காரை வாங்கித் தரும். ஆனால் பிரிட்டனைச் சேர்ந்த டேமன் ஹில்லுக்குத் தந்தையிடமிருந்து கிடைத்தது பெயர் மட்டுமே.

அப்பெயர் சிறியதன்று. தந்தை கிரஹாம் ஹில் 1962, 1968 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். மொனாக்கோ பந்தயத்தில் 5 முறை வாகை சூடியவர். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 1966-இலும், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1972-இலும் வென்றார். இம்மூன்றையும் வென்ற ஒரே ஓட்டுநர் என்ற சிறப்பு இன்றளவும் அவருக்கே உரியது.

1975-இல் ஓய்வு பெற்ற கிரஹாம், தம் பெயரில் இயங்கிய பந்தய அணியை நடத்துவதில் முனைந்தார். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று பிரான்சில் சோதனை ஓட்டங்களை முடித்துக்கொண்டு, அணியினர் ஐவருடன் தமது சிறிய விமானத்தைத் தாமே செலுத்தி இலண்டன் நோக்கித் திரும்பினார். அடர்ந்த மூடுபனியில் விமானம் ஆர்க்லி என்னும் இடத்தில் விழுந்து நொறுங்கியது. அறுவரும் மாண்டனர். டேமனுக்கு அப்போது வயது 15.

துயரத்தைத் தொடர்ந்து வந்தது மற்றோர் இடி. அந்த விமானத்தின் அமெரிக்கப் பதிவு ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. வேறெந்த நாட்டிலும் அது பதிவு செய்யப்படவில்லை. மோசமான வானிலையில் கருவிகளின் துணைகொண்டு பறப்பதற்கான கிரஹாமின் தகுதிச் சான்றும் காலாவதியாகியிருந்தது. அதனால் காப்பீடு செல்லாததாயிற்று. உடன் இறந்தவர்களின் குடும்பத்தினர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். அவர்களும் குடும்பத் தலைவரை இழந்து நின்றவர்களே. அவர்களது கோரிக்கையில் குறை காண இயலாது. கிரஹாம் விட்டுச் சென்ற செல்வத்தின் பெரும்பகுதி இவ்வாறு கரைந்தது. குடும்பம் பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இளைஞர் டேமன் கட்டடப் பணிகளில் கூலி வேலை செய்தார். இலண்டன் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் கூரியர் தபால்களைக் கொண்டு சேர்த்தார். அவர் முதலில் இறங்கியதும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில்தான். அதன் ஆபத்தை எண்ணி அஞ்சிய தாய், 1983-இல் அவரைப் பிரான்சிலுள்ள கார் பந்தயப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். அதன்பின் ஃபார்முலா ஃபோர்டு, ஃபார்முலா 3, ஃபார்முலா 3000 எனப் படிப்படியாக முன்னேறினார். கடன் வாங்கியும் பந்தயச் செலவைச் சமாளித்தார். ஃபார்முலா 3000-இல் ஒரு வெற்றிகூட அவருக்குக் கிட்டவில்லை.

அவருக்குத் திருப்புமுனையாக அமைந்தது, கூட்டத்தின் கண்ணில் படாத ஒரு வேலை. 1991-இல் வில்லியம்ஸ் அணி அவரைச் சோதனை ஓட்டுநராக அமர்த்தியது. காலியான பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, காரின் ஒவ்வொரு மாற்றத்தையும் பொறியாளர்களுக்கு எடுத்துரைப்பதே பணி. 1992-இல் நொடிந்துகொண்டிருந்த பிரபாம் அணிக்காக 2 பந்தயங்களில் மட்டும் ஓடினார். 1993-இல் வில்லியம்ஸ் அணியில் இடம் காலியானபோது, அந்தக் காரை நன்கறிந்தவர் என்ற தகுதியே அவரைப் பந்தய இருக்கையில் அமர்த்தியது. அவ்வாண்டே ஹங்கேரி, பெல்ஜியம், இத்தாலி எனத் தொடர்ந்து 3 வெற்றிகள் பெற்றார்.

1994 மே 1 அன்று அணியின் முதன்மை ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா இமோலா விபத்தில் மறைந்தார். நிலைகுலைந்த அணியைத் தாங்கும் பொறுப்பு டேமன் மீது விழுந்தது. 1968-இல் ஜிம் கிளார்க் இறந்தபோது லோட்டஸ் அணியில் இதே பொறுப்பைச் சுமந்தவர் கிரஹாம்; அடுத்து நடந்த ஸ்பெயின் பந்தயத்தை வென்று அணிக்குத் தெம்பூட்டியவர். அதே மே மாதத்தில் டேமனும் ஸ்பெயின் பந்தயத்தை வென்றார். தந்தைக்கு ஒருமுறையும் வசப்படாத பிரிட்டிஷ் பந்தயத்தையும் அவ்வாண்டே கைப்பற்றினார். சாம்பியன் பட்டம் மட்டும் ஒரே ஒரு புள்ளியில், 92-க்கு 91 என்ற கணக்கில், மைக்கேல் ஷூமாக்கரிடம் சென்றது.

1996-இல் நடைபெற்ற 16 பந்தயங்களில் 8 வெற்றிகள். அக்டோபர் 13 அன்று ஜப்பானின் சுசுகாவில், 36-ஆம் வயதில், டேமன் உலகச் சாம்பியனானார். தந்தையும் மகனும் ஃபார்முலா 1 பட்டம் வென்றது அதுவே முதன்முறை. விந்தை என்னவெனில், அடுத்த ஆண்டு அவருக்கு இடமில்லை என வில்லியம்ஸ் அணி அதற்கு முன்பே தீர்மானித்துவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை, 1998-இல் பெல்ஜியத்தில் ஜோர்டன் அணிக்கு அதன் முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 22 வெற்றிகளுடன் 1999-இல் ஓய்வு பெற்றார். தந்தையின் மறைவு தம் மனத்தில் விட்டுச் சென்ற காயத்தையும், மனச்சோர்வுடன் தாம் நடத்திய போராட்டத்தையும் பின்னாளில் தம் தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதினார்.

பந்தயத் தடத்தின் ஒவ்வொரு வளைவையும் அறிந்திருந்த கிரஹாம் ஹில்லின் குடும்பத்தை வறுமைக்குத் தள்ளியவை, புதுப்பிக்கப்படாத ஒரு சான்றும் பதிவு செய்யப்படாத ஒரு விமானமுமே. காப்பீட்டுப் பத்திரம் அலமாரியில் இருப்பது வேறு. அது இன்று செல்லுபடியாகும் நிலையில் இருப்பது வேறு. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுத் தவணை, கணக்கில் பதிந்துள்ள நியமனதாரர் பெயர் ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை எடுத்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். பார்த்ததை வீட்டிலுள்ளோரிடம் சொல்லியும் வைப்போம்.

டேமன் தம் உழைப்பால் மீண்டெழுந்தார். ஆனால் அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. நம் பிள்ளைகளின் உழைப்பு நாம் விட்டுச்சென்ற குறையை நிரப்புவதற்கே செலவாகாமல், அவர்கள் விரும்பிய வாழ்வை அமைத்துக்கொள்ளப் பயன்படட்டும்.