எண்பத்து மூன்று வயதில் ஒரு வெற்றி

பிளாஸ்டிக் குருணை மலிவு. அதையே உருக்கி, இழையாக்கி, சுருளாகச் சுற்றி விற்றால் விலை பல மடங்கு. மேஜை மேல் வைக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கியவர்களின் கையைக் கடித்தது இந்த இழைதான். எனவே 2012இல் அமெரிக்காவில் ஒரு போட்டி: குருணையை இழையாக்கும் கருவி வேண்டும், பாகங்களின் விலை 250 டாலரைத் தாண்டக் கூடாது, வரைபடங்களை எல்லோருக்கும் தந்துவிட வேண்டும். பரிசு 40,000 டாலர்.

வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஹியூ லைமன் களத்தில் இறங்கினார். ஓய்வு பெற்றவர். முதல் கருவி தேறவில்லை. காரணம் கணக்கு. தானே கடைந்த பாகங்களுக்கு அவர் விலை போடவில்லை. சேர்த்தால் வரம்பு மீறியது.

வேலை என்னவோ முறுக்கு பிழிவது போலத்தான். குழாய்க்குள் சுழலும் திருகு குருணையைத் தள்ள, வெப்பத்தில் உருகி, துளை வழியே இழை வரும். தொல்லை தடிமனில். 1.75 மி.மீ. இழை சற்றே தடித்தால் அச்சு இயந்திரத்தில் சிக்கும். மெலிந்தால் அச்சில் இடைவெளி விழும். வெப்பம், திருகின் வேகம், இழையை இழுக்கும் வேகம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

2013 மார்ச்சில் லைமனின் இரண்டாவது கருவி பரிசை வென்றது. அப்போது அவருக்கு வயது 83. வரைபடங்களைப் பார்த்து எவரும் செய்துகொள்ளலாம்.